சேலையோடு குதிரை ஏற எந்த வார்?

இத்தாலியின் பலெர்மோ நகரில், மொண்டெல்லோ கடற்கரைக்குப் போகும் வழியிலுள்ள குதிரை லாயத்தில் நிற்கிறேன். நாளைக்கு மருமகள் யாழினி கல்யாணச் சேலையோடு, இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டுக் குதிரையில் வரப்போகிறாள். அவள் விழுந்தால் மானம் போவது யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கிய தாய்மாமனான எனக்குத்தான். அதனால் சேணத்தை இறுக்கும் வயிற்று வாரை நானே பொறுக்குகிறேன். பள்ளிக்கூடம் பார்க்காத மூளை, மெத்தென்ற எலாஸ்டிக் வாரை எடுக்கிறது.

"அது உங்கடை வயித்துக்குச் சரி, அண்ணை," என்கிறாள் லாயத்தில் வேலை செய்யும் வன்னிக்காரி சாந்தி. "பாரமெல்லாம் இடப்பக்கம். வார் இழுபட்டா சேணம் சரியும், பொம்பிளை மண்ணிலை. தோல்வார் எடுங்கோ."

தோல்வாரை இறுக்குகிறாள். வேட்டியோடு நானே ஏறிப் பார்க்கிறேன். குதிரை துள்ளித் துள்ளிப் போகிறது. சேணம் அசையவே இல்லை! "பாத்தியா!" என்று கத்திக்கொண்டு குதிக்கிறேன். வேட்டி மட்டும் சேணத்திலேயே தங்கிவிடுகிறது.

என்னோடு லாயத்துக்கு வந்து ஓரமாக நிற்கும் யாழினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "மாமா, உங்களுக்கும் ஒரு தோல்வார் எடுங்கோ!"