பூச நட்சத்திரத்துக்கு ஓர் அரபுப் பெயர்

என் மகன் பதுளை ஆஸ்பத்திரியில் பூச நட்சத்திரத்தில் பிறந்தான். கோயில் ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, "ஹு, ஹே, ஹோ, டா. இதுல ஒரு எழுத்துல பேரு வைங்க" என்று சொல்லிவிட்டுத் தட்சிணையோடு உள்ளே போய்விட்டார்.

எனக்கு எழுத்தில் நம்பிக்கை கிடையாது. என் மாமனாருக்கு உண்டு. தெமோதரைப் பக்கத் தோட்டத்தில் முப்பது வருஷம் தேயிலைச் செடிகளை அளவாக நறுக்கிவிடும் கவ்வாத்து வேலை செய்தவர். தேயிலைச் செடியானாலும் சாமி காரியமானாலும், சொன்ன அளவிலிருந்து ஓர் அங்குலம் விலகமாட்டார்.

ஹேமந்தன் என்றேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே மூன்று ஹேமந்தன்கள்; அதில் ஒருவன் மாமனாரின் சேவலைப் பிடித்துக் குழம்பு வைத்தவன். ஹோவுக்கு ஹோமத்தைத் தவிர எதுவும் தோன்றவில்லை. "டாக்டர்னே வச்சிருவோம், படிக்க வைக்கிற செலவு மிச்சம்" என்றார் என் கணவர். மாமனார் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

பிள்ளையைக் காட்டுவதற்காக, நான் வேலை செய்யும் துணிக்கடைக்குப் போனேன். கூட வேலை செய்யும் முஸ்லிம் அக்கா கதையைக் கேட்டுச் சிரித்தார்.

"ஹுவில எங்கட ஆக்கள்ட பேரு எத்தனை வேணும் தங்கச்சி? ஹுசாம் வைங்க."

"அர்த்தம் என்னக்கா?"

"கூரான வாள். வெட்டி முடிக்கிறதுங்கிற சொல்லுல இருந்து வந்த அரபுப் பேரு. எங்கட மாமா மௌலவி, அவருதான் சொல்லித் தந்தாரு."

வீட்டில் அர்த்தத்தை மட்டும் சொன்னேன். அரபை விழுங்கிவிட்டேன்.

"வாளா? நம்ம கவ்வாத்துக் கத்தி மாதிரியா?" என்றார் மாமனார்.

"அதை விடக் கூரு மாமா."

"அப்ப வை."

மறுநாள், நான் அவரிடம் மட்டும் சொல்லியிருந்த அரபு விஷயத்தை என் கணவர் உளறிவிட்டார். மாமனார் வெற்றிலையை மென்று துப்பினார். "எழுத்து சரியா இருக்கில்ல? அப்புறம் என்ன? அரபுக்காரன் கத்தியும் வெட்டத்தானே செய்யும்."

பெயர் வைக்கிற அன்று பிள்ளையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். மாமனாரின் வாயில் ஹு வரவே இல்லை. முதலில் "உசாம்" என்றார். அடுத்தது "ஊசாம்". மூன்றாவது தடவை மூச்சை இழுத்துப் பலமாக ஊதினார். பிள்ளை பயந்துபோய் அவருடைய புது வேட்டியை நனைத்துவிட்டான். ஐயர் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

இந்த வருஷம் அவனை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். இரண்டாம் வாரம் வீட்டுக்கு வந்து வாசலில் நின்று, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றான். விசாரித்தால், அவரவர் சமய பாடத்துக்குப் பிள்ளைகளைப் பிரிக்கும்போது ஆசிரியை பெயரைப் பார்த்தே அவனை இஸ்லாம் வகுப்புக்கு அனுப்பியிருக்கிறார். அவனும் சந்தோஷமாகப் போய் உட்கார்ந்திருக்கிறான்.

மாமனார் சட்டையை மாட்டிக்கொண்டார். "இப்பவே நானே போய்ப் பேசுறேன். நம்ம புள்ளைய எப்படி அங்க உக்கார வைக்கலாம்?"

அதற்குள் பையன் புத்தகப் பையிலிருந்து கடதாசிப் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினான். நோன்பு மாதமாம், அந்த வகுப்பில் எல்லாருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தார்களாம். மாமனார் ஒன்றை வாயில் போட்டார். கொட்டையைத் துப்பினார். இன்னொன்றை எடுத்தார்.

"தெனமும் குடுப்பாங்களாடா?"

"ஆமா தாத்தா."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "நோன்பு முடியட்டும் தாயி. அப்புறமா ஒரு கடுதாசி எழுதிக் குடு."