தரகர் ராமையா கடைசியாக விற்ற வீடு

வீட்டுத் தரகர் ராமையா அண்ணன் போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இறந்துவிட்டார். நெஞ்சுவலி. கடையில் மிளகு நிறுத்துக்கொண்டிருந்தபோது அவருடைய மனைவி மரகதம் அக்கா போன் செய்தார். “தம்பி, அவரு போயிட்டாரு.” தராசிலிருந்த மூட்டையை இறக்காமலே உட்கார்ந்துவிட்டேன்.

வத்தேகம பக்கம் வீடு விற்றவர்களில் பலர் அவரை அறிவீர்கள். அடக்கத்தன்று என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். நான் எழுந்திருக்கவில்லை. ஏன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

ஹுன்னஸ்கிரியவில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன் நான். மிளகும் கராம்பும் வாங்கி விற்றுத்தான் வீடு கட்டினேன். டீசல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலத்தில் வியாபாரம் படுத்தது. வீட்டை விற்பது என்று முடிவெடுத்து, சாமான்களைக்கூடக் கட்டிவிட்டேன். ராமையா அண்ணன் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

“மொதல்ல பெட்டிய எல்லாம் அவிழுங்க தம்பி. திரைச்சீலையத் திரும்ப மாட்டுங்க. மூட்டை கட்டுன வீட்டப் பாத்தா, வர்றவன் பாதி வெலதான் கேப்பான். சரி, ஏன் விக்கிறீங்கன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?”

“கடை விழுந்திருச்சின்னு...”

“வெளங்கிரும்! வேற எடம் பாக்குறோம்னு சொல்லுங்க. பொய்யில்ல. இத வித்துட்டுத் தெருவிலயா நிக்கப் போறீங்க?”

அலவத்துகொடயிலிருந்து ஒரு ஹாஜியார் வீடு பார்க்க வந்தார். கொட்டும் மழையில் அவரை வேண்டுமென்றே வரவழைத்திருந்தார் அண்ணன். கூரை ஒழுகவில்லை என்று நாம் சொல்வதைவிட அவரே பார்ப்பது நல்லதாம். ஹாஜியார் குறைத்துக் கேட்டார். அண்ணன் எங்கள் விலையைச் சொன்னார். சொன்ன கையோடு சட்டைப் பையிலிருந்து ஒரு கராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கராம்பு வாயிலிருக்கும்வரை அவர் பேசமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும்.

“என்ன ராமையா, நாக்க வீட்டுல வெச்சிட்டா வந்தீங்க?” என்றார் ஹாஜியார். அண்ணன் கராம்பை மென்றார். மழை மட்டும் பேசியது. ஹாஜியார் தானாகவே ஐந்து இலட்சம் ஏறினார். பிறகு இன்னொரு ஐந்து. என் கடை இன்றைக்கும் திறந்திருப்பது அந்தப் பத்தால்தான்.

சென்ற வருடம் அண்ணன் தம் வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார். வீட்டை விற்கப்போவதாகப் போனிலேயே சொல்லியிருந்தார். பிறருக்குச் சொல்லிக்கொடுத்த அத்தனையையும் அன்று அவரே மீறினார்.

“நெஞ்சில ஆபரேஷன் செய்யணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. பிரைவட்ல செஞ்சா பதினெட்டு லெச்சம். எனக்கு ஒண்ணுன்னா மரகதம் நடுத்தெருவில நிக்கக் கூடாது. கீழ ஒரு ரெண்டு ரூம் வீடு பேசியிருக்கேன், அது எழுபத்திரண்டு. தொண்ணூறு வந்தாப் போதும் தம்பி. வேற ஆளா இருந்தா இதெல்லாம் சொல்லுவேனா?”

அந்த வீடு தொண்ணூறு பெறும். வியாபாரம் மீண்டு, என் கையில் தொண்ணூறு இருந்தது. கொடுக்கும் எண்ணத்தோடுதான் போயிருந்தேன். ஆனால், விற்பவனுடைய அவசரம் தெரிந்த பிறகு முழு விலை கொடுத்துப் பழக்கமில்லாத கை இது. “எழுபத்திரண்டுதான் முடியும் அண்ணே” என்றேன். என் சட்டைப் பையிலும் கராம்பு இருந்தது, வியாபாரச் சாம்பிள். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அவர் பேசிக்கொண்டே போனார். “எம்பத்தஞ்சு குடுங்க.” கராம்பைக் கடித்தேன். “எம்பது... என்ன தம்பி, ஏதாச்சும் சொல்லுங்க.” நான் பேசவில்லை. தேத்தண்ணி ஆறிப்போயிற்று. குசினி வாசலில் கரண்டியோடு மரகதம் அக்கா நின்றிருந்தார். கடைசியில் “சரி” என்றார் அண்ணன்.

வழியனுப்ப வந்தவர் கேற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “கராம்பு காரமா இருந்திச்சா தம்பி?”

ஆபரேஷன் முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை, கேட்காமலிருப்பது வசதியாக இருந்தது. மரண வீட்டில்தான் அக்கா சொன்னார்: “அந்த ரெண்டு ரூம் வீட்ட எம்பேருக்கு எழுதுனாரு. ஆபரேஷன அப்புறம் பாப்போம்னாரு. நீங்க ஒடனே காசு குடுத்தீங்க தம்பி, அதுவே பெரிய ஒதவி.” அவர் குத்திக்காட்டவில்லை. மனதார நன்றி சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எட்டாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள், பதினெட்டு இலட்சத்தை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா பையைத் தொடவேயில்லை. “இனி எதுக்கு தம்பி? அவரு பேசி முடிச்ச வெல அது. நான் மாத்த மாட்டேன்.”

தேசிக்காய் விற்கிற விலைக்கு மாளிகை வாங்கினேன் என்று சிலர் என்னைப் பாராட்டியிருக்கிறீர்கள். இனி அதைச் சொல்லாதீர்கள். அண்ணன் வீட்டில் இப்போது என் கராம்பு மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. கதவைத் திறந்தாலே அந்த வாசம். உள்ளே நிற்க முடியவில்லை. விற்கவும் மனம் வரவில்லை. அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த வீடும், அதற்கு நாங்கள் பேசிக்கொண்டதும்தான்: விலை எழுபத்திரண்டு இலட்சம். முற்பணம் பத்து. மீதி, உறுதிப் பத்திரம் எழுதும் அன்று. சாவி மாதக் கடைசியில். தரகு கிடையாது.