ஆறாம் வாரத்துத் தாள்

பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் இரண்டாம் தடவைதான் திரும்பிப் பார்ப்பாள். எல்லாருக்கும் அவள் பூதக்கண்ணாடி அக்கா. கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட அந்தக் கண்ணாடியைக் குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவாள். “ஒரு நாள் என் மூஞ்சியையும் அதுல பாரேன்” என்பார் பால் வண்டி ஓட்டும் கணவர். “பாத்தா சண்டைதான் வரும்” என்பாள்.

படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. இருபது வருஷம் பீன்ஸ் பயிரிட்டாள்; மருந்துக் கடைக்காரர் சொன்ன மருந்தை, சொன்ன நாளில் அடித்தாள். ஒரு நாள் அடித்துக்கொண்டிருக்கும்போதே வரப்பில் மயங்கி விழுந்தாள். கண் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, “எந்தப் பூச்சிக்காக இப்படி விழுந்தேன்?” கடைக்காரருக்கே தெரியவில்லை. அந்த ஆத்திரம்தான் அவளைச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

கூட்டம் என்றால் மேடையும் மாலையும் இல்லை. பன்னிரண்டு விவசாயிகள், கூட்டுறவுச் சங்கம் தன் கிடங்குக்குப் பின்னால் ஒரு வருஷத்துக்கு விட்டுக்கொடுத்த அரை ஏக்கர். வாரா வாரம் காலையில் செடி செடியாக உட்கார்ந்து பூச்சிகளை எண்ணுவார்கள். பெரிய தாளின் நடுவில் செடியை வரைந்து, இடது பக்கம் கெடுக்கிற பூச்சி, வலது பக்கம் காக்கிற பூச்சி என்று எழுதுவார்கள். மருந்து அடிப்பதா வேண்டாமா என்று எல்லாரும் பேசி முடிவு செய்வார்கள். வாத்தியார் கிடையாது. ரப்பரும் கிடையாது: எழுதியதை அழிக்கக் கூடாது என்பதுதான் அவர்களுடைய ஒரே சட்டம்.

ஆறாம் வாரம் இலைகளில் ஒரு புழு கண்ணில் பட்டது. கறுப்பு உடம்பு, முதுகில் ஆரஞ்சுப் புள்ளி, பார்க்கவே முரட்டுத்தனம். கண்ணாடி வைத்துப் பார்த்த அக்கா, “இவன் சரியான திருடன். இடது பக்கம் போடுங்க” என்றாள். இருநூற்றுப் பதினான்கு புழுக்கள் இடது பக்கம் ஏறின. மருந்து அடித்தார்கள்.

இரண்டே வாரத்தில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி செடிகளை மொய்த்துவிட்டது. பாதிப் பயிர் சுருண்டுபோனது. விவசாயத்தோடு தையல் கடையும் வைத்திருந்த கூட்டத்துத் தையல்காரர், தப்பித்த புழு ஒன்றைப் பாட்டிலில் போட்டு வளர்த்தார். அது அசுவினியை வெளுத்துக் கட்டியது. பிறகு சில நாளில் பொறிவண்டாகி வெளியே வந்தது. திருடன் என்று அவர்கள் கொன்றது காவல்காரனை. அக்கா கிடங்குக்குப் போய், ஆறாம் வாரத்துத் தாளின் அடியில் சிவப்பு மையால் எழுதினாள்: “பொறிவண்டின் குஞ்சைப் பகை என்று சொன்னது நான்.” கீழே கையெழுத்தும் போட்டாள்.

அரை ஏக்கரை இன்னொரு வருஷத்துக்குக் கொடுப்பதா என்று முடிவு செய்ய மேலிடத்திலிருந்து இரண்டு பேர் வருவதாக இருந்தது. முந்தின நாள் சங்கச் செயலாளர் கிடங்குச் சுவரில் வரிசையாக ஒட்டியிருந்த தாள்களைப் பார்த்தார்.

“ஏம்மா, அந்த ஆறாவதைக் கழட்டிடுங்க.”

“அஞ்சுக்கு அப்புறம் ஏழா சார்? எங்களுக்கு எண்ணவே தெரியாதுன்னு நெனச்சுக்குவாங்க.”

“விளையாடாதீங்க. இதைப் பாத்தா நெலத்தைப் புடுங்கிடுவாங்க.”

தையல்காரர் அவளைத் தனியே அழைத்தார். “அக்கா, ஒரே ஒரு நாள் சுருட்டி வெச்சுக்குவோமே. உங்க மானத்துக்காகவும்தான் சொல்றேன்.”

அவளுக்குச் சுருக்கென்றது. செயலாளர் சொன்னதைவிட இது வலித்தது. “என் மானத்தை நான் பாத்துக்கறேன். நாம கத்துக்கிட்டது அந்த ஒரு தாள்லதான் இருக்கு. மத்ததெல்லாம் வெறும் படம்.”

மறுநாள் வந்தவர்களை நேரே அந்தத் தாளுக்கு முன்னால்தான் கூட்டிக்கொண்டு போனாள். தன் தப்பை ஒன்று விடாமல் சொன்னாள். ஒருவர் தலையாட்டினார். மற்றவர் ‘விளைச்சல் குறைவு’ என்று எழுதிக்கொண்டார். பத்தாம் நாள் கடிதம் வந்தது. நிலம் இல்லை, அங்கே உர மூட்டை அடுக்கப் போகிறார்களாம்.

அன்று அவள் சமையலறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தன் பிடிவாதம் பதினொரு பேரின் வயலைக் கொண்டுபோய்விட்டதே என்று அழுதாள். “வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல” என்றார் கணவர். பாவம், ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு அழுகை நின்று கோபம் வந்துவிட்டது.

“கழட்டியிருந்தா நெலம் இருந்திருக்கும். தப்பை மறந்துட்டு அடுத்த வருஷமும் அதே புழுவைக் கொன்னிருப்போம்.” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “கேளுங்க. நம்ம தோட்டத்துல பாதியைக் கொடுக்கப் போறேன்.”

“நமக்கு இருக்கறதே அதுதானே?”

“அதனாலதான் கண்ணைத் தொறந்து எண்ணுவேன்.”

அவர் பால் கேன்களை எடுத்து வாசலில் அடுக்கினார். பிறகு, “காலையில பால் எறக்கிட்டு நானும் வர்றேன். எண்ணறதுக்கு எனக்கும் ரெண்டு கண்ணு இருக்கு” என்றார்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது பேர் வந்தார்கள். தையல்காரர் கடைசியாக, தயங்கித் தயங்கி வந்தார். பூ விட்டு நின்ற செடிகளைப் பார்த்ததும் வரப்பிலேயே நின்றுவிட்டார்.

“அக்கா, இது உங்க பொழப்பு. இங்கேயும் ஏதாவது தப்பாயிட்டா?”

“ஆகும்” என்றாள் அவள். “எழுதி வாசல் கதவுலயே ஒட்டுவேன். என் வீட்டுக் கதவுலேருந்து எவன் கழட்டச் சொல்றான்னு பாக்கறேன். உக்காருங்க, மொதல் செடி உங்களுது.”