நரம்பு மாமா தூங்கும் அறை

பூசணிக்காய் அளவிலான பிளாஸ்டிக் கடைவாய்ப்பல்லை மடியில் வைத்து, கொக்கியை நீக்கி, இரண்டாகப் பிளக்கிறார் பல் டாக்டர். எதிர் பெஞ்சில் காத்திருக்கும் நான்கு குழந்தைகளும் வாயை இறுக மூடிக்கொள்கின்றன.

"பல்லுங்கறது ஒரு வீடு, கண்ணுங்களா. வெளியில எனாமல். நம்ம உடம்புலயே இதவிடக் கெட்டியான சாமான் கிடையாது. அதுக்கு உள்ள டென்டின், அது சுவரு. நடுவுல ஒரு குட்டி ரூம். அங்கதான் நரம்பு மாமா தூங்கறாரு. இனிப்பத் தின்னுட்டுப் பல்லு தேய்க்காமப் படுத்தா, கிருமி சுவரக் குடைஞ்சு அவர எழுப்பிடும். மாமா முழிச்சா விடமாட்டாரு!"

'விடமாட்டாரு'வுக்கு மேசையில் ஓங்கி ஒரு தட்டு. கடைசிக் குழந்தை அழத் தொடங்கும். பாடம் நன்றாகப் புரிந்துவிட்டது என்று டாக்டர் பூரித்துப்போவார்.

உள்ளறையில் வேலை பார்ப்பது அவர் மனைவி. அவரும் பல் டாக்டர்தான். வாயை விடக் கையை நம்புகிறவர். கணவர் வெளியே கிளப்பிவிடும் பயத்தை உள்ளே தட்டிக்கொடுத்து இறக்குவதிலேயே அவருக்குப் பாதி நாள் போய்விடும். "நீங்க சும்மா இருந்தாலே பாதி வைத்தியம் முடிஞ்சிடும்" என்பார். இவர் காதில் ஏறினால்தானே?

என் ஆறு வயது மகளுக்கு மூன்று சொத்தைகள். வாராவாரம் போனதில் நான் ஒன்றைக் கவனித்தேன். டாக்டர் டீயை இடது பக்கமாகவே உறிஞ்சுகிறார். போன வாரம் வலது கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. கேட்டால், "கொசு கடிச்சிருச்சு சார்." ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள் என்று ஊரையே விரட்டுகிறவர், மனைவியிடம் வாயைத் திறந்து காட்டிப் பதினோரு வருஷம் ஆகிறதாம். எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது.

நேற்று மூன்றாவது சொத்தையை அடைத்து மகளை இறக்கிவிட்ட கையோடு, டாக்டரம்மா வெளியே வந்து கணவரின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எந்திரிங்க. இன்னைக்கும் விட்டா அந்தப் பல்லையே எடுக்க வேண்டியதுதான்."

டாக்டரின் விளக்கம் பாதியில் நின்றது. நெற்றியெல்லாம் வியர்வை. உள்ளறைக்குப் போய், நோயாளி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

என் மகளுக்கு மனசு கேட்கவில்லை. பிளாஸ்டிக் பல்லைத் தூக்க முடியாமல் தூக்கிப் போய் அவர் மடியில் வைத்தாள். கொக்கியை நீக்கினாள்.

"பயப்படாதீங்க அங்கிள். வெளியில எனாமல். அதுக்கு உள்ள டென்டின். நடுவுல குட்டி ரூம். அங்கதான் நரம்பு மாமா..."

டாக்டர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.