முதலில் மண்ணுக்கு ஒரு குடம்

முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டியதும் செவ்வந்தி கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு, வீட்டுக்காரர்களிடம் தண்ணீர் கேட்பார். குடிப்பதற்கென்று நினைத்துச் சிலர் சொம்பில் கொண்டுவந்து நீட்டுவார்கள். அதையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இது எனக்கு. மண்ணுக்கு ஒரு குடம் கொண்டாங்க" என்பார். குடத்தைக் குழியில் கவிழ்த்துவிட்டுப் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்துகொள்வார்.

"சதுர அடி எவ்வளவு?" என்று வீட்டுக்காரர் கேட்பார். புது வீட்டுக்கு முன்னால் புல்தரை போட நினைக்கிற எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். செவ்வந்தியும் எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்: "தண்ணி இறங்கட்டும், சொல்றேன்." இறங்க அரை மணி நேரமும் ஆகலாம், அரை நாளும் ஆகலாம். பொறுமை போய், அவர் உட்கார்ந்திருக்கும்போதே வேறு ஆளுக்குப் போன் போட்டவர்களும் உண்டு.

வயது நாற்பத்தாறு. புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை, பையில் ஒரு பால்பாயின்ட் பேனா. இருபது வருடம் நாற்று நட்ட கை. நடவு இயந்திரம் வந்து கூலி நாட்கள் குறைந்ததும், கூட நட்ட ஐந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு இந்த வேலைக்கு வந்துவிட்டார். வயல்கள் மனைகளாகிவிட்டன, மனைகளில் வீடுகள் வந்துவிட்டன, வீட்டுக்காரர்களுக்கு இப்போது பச்சை வேண்டியிருக்கிறது. "நெல்லுக்கும் குனியணும், புல்லுக்கும் குனியணும். ஆனா இங்க டீ சூடா வருதுங்க" என்று சிரிப்பார்.

குழியும் குடமும் பாபநாசத்தில் பட்ட அடியிலிருந்து வந்த பழக்கம். அங்கே ஒரு வீட்டில் அருமையாகப் புல் போட்டுக் கொடுத்தார். ஐப்பசி மழையில் அதன்மேல் நாலு விரல் தண்ணீர் நின்றது. வீட்டுக்காரர் பதறிப்போய்க் கூப்பிட்டார். செவ்வந்தியோ நிம்மதியாக, "நிக்கட்டும் சார், நல்லதுதான்" என்றுவிட்டார். தேங்கிய தண்ணீரைப் பார்த்தால் நட்ட கைக்குச் சந்தோஷம்தானே வரும்? எட்டாம் நாள் புல் அழுகி நாறியது. வாங்கிய பணத்தைத் தவணை சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அந்தத் தெரு வழியாகப் பஸ் போனால் இன்றைக்கும் அவர் மறுபக்கம் திரும்பிக்கொள்கிறார். அவமானம் அப்படி.

அதிலிருந்து, எழுதிக் கொடுக்கும் மதிப்பீட்டில் முதல் வரி வடிகால். வீட்டுக்காரர்கள் அடிக்கச் சொல்லும் முதல் வரியும் அதுவே.

இந்தச் சித்திரையில் குடவாசலில் கமருன்னிஸாவின் புது வீட்டிலும் அதே கதை நடந்தது. மகள் ஹஃப்ஸாவின் நிக்காஹுக்கு இருபத்தைந்து நாள் இருந்தது. கத்தாரிலிருந்து மகன் ஜாஃபர் சாதிக் ஒரு படம் அனுப்பியிருந்தார். அதில் புல்தரை, நடுவில் நீரூற்று, வாசலுக்கு இருபுறமும் உயரமான அலங்காரப் பனை. குழியில் கவிழ்த்த குடம் மாலை வரை இறங்காததைப் பார்த்துவிட்டுச் செவ்வந்தி எழுதிக் கொடுத்தார்: வடிகாலுக்கு முப்பத்தெட்டாயிரம், செம்மண், புல், கூலி அறுபத்திரண்டு, நீரூற்றுக்கும் பனைக்கும் நாற்பத்தைந்து.

"ஏம்மா, மண்ணுக்குள்ள போறதுக்கு முப்பத்தெட்டாயிரமா?" என்று கமருன்னிஸா கேட்டார். "இன்னொருத்தரு ஃபவுண்டனோட சேர்த்து ஒரு லட்சத்துல முடிச்சுத் தர்றேங்கிறாரு."

"அவரு குழி வெட்டிப் பாத்தாருங்களாம்மா?"

போனில் ஜாஃபர் குறுக்கிட்டார். "அக்கா, இப்ப ஏது மழை? கல்யாணத்துக்குப் பச்சையா இருந்தா போதும். குழாய அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம்னா போட்ட புல்லப் பேத்துட்டுத்தான் தம்பி குழாய் போடணும். ஒரு வேலைக்கு ரெண்டு தடவ காசு வாங்க என்னால முடியாதுங்க."

கூட வந்த மலர்க்கொடி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஒத்துக்கக்கா. மூணு வாரமா சும்மா உக்காந்திருக்கோம்." செவ்வந்திக்குத் தெரியாதா? ஐந்து வீட்டு அடுப்பும் அவர் தலையில்தான். ஆனால் இன்னொரு புல் அழுகினால், இந்தப் பக்கம் யாரும் அவரைக் கூப்பிடப் போவதில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டார். "குழிய மூடாதீங்கம்மா. காலையில ஒரு தடவ எட்டிப் பாருங்க."

மறுநாள் எட்டு மணிக்குக் கமருன்னிஸா கூப்பிட்டார். "நேத்து ஊத்துன தண்ணி அப்படியே நிக்குதேம்மா! வீடியோவுல இவனும் பாத்துட்டான். என்ன செய்யலாங்கிறே?"

"ஃபவுண்டன விடுங்க, பனைய விடுங்க. குழாய மட்டும் விடாதீங்க. எனக்கும் ஒரு லட்சந்தான் வருது."

அந்தப் பக்கம் அம்மாவும் மகனும் ஏதோ பேசிக்கொண்டார்கள். "சரி, வந்து ஆரம்பி" என்றார் கமருன்னிஸா.

நாலு நாளில் பள்ளம் வெட்டி, ஜல்லி பரப்பி, துளை போட்ட குழாயைக் கொல்லைப்புற வாய்க்கால் வரை எண்பது அடிக்குப் பதித்தார்கள். இவ்வளவு நீளத்துக்கு அவர் போட்டதே இல்லை. குழாய்ச் சரிவின் வாட்டம் ஒரு விரல் தவறினாலும் தண்ணீர் நடுவில் நின்றுவிடும். காலையில் வந்திறங்கிய புல் கட்டுகள் ஈரச் சாக்குக்கு அடியில் இருந்தன. இன்னொரு நாள் வைத்தால் பழுத்துவிடும். ஐந்து பெண்களும் அதைச் சுற்றி நின்றுகொண்டு, தொடச் சொல்வாரா என்று பார்த்தார்கள்.

செவ்வந்தி சொல்லவில்லை. வாய்க்காலில் இறங்கி, குழாயின் வாயருகே குந்தினார். "ஊத்துங்க" என்று குரல் கொடுத்தார்.

முன்வாசலில் குடத்தைத் தூக்கியது கமருன்னிஸாவே. "ஊத்திட்டேன்" என்றார். ஒன்றும் வரவில்லை. இரண்டாவது குடத்துக்கும் வரவில்லை. மலர்க்கொடி கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாவது குடம் போனது. செவ்வந்தி இடது உள்ளங்கையைக் குழாய்க்கு அடியில் நீட்டியபடி அசையாமல் இருந்தார்.

முதலில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு கை நிரம்பி வழிந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கையையும் எடுக்கவில்லை. மற்றக் கையைத் தலைக்கு மேலே தூக்கி, சாக்கை விலக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.