சண்முகத்தாய் அக்கா வரைந்த குடும்பப் படம்

சண்முகத்தாய் அக்கா நேற்று காலை போய்விட்டார். மாரடைப்பு... வேலைக்குக் கிளம்பி, தூக்குவாளியில் சோறு போட்டு மூடிவிட்டு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

இன்று மதியம் எல்லாம் முடிந்து, இப்போதுதான் விருதுநகர் வந்து சேர்ந்தேன். அழுதுகொண்டே எழுதத்தான் போனை எடுத்தேன். ஆனால் அக்காவை நினைத்தால் சிரிப்புதான் முந்திக்கொண்டு வருகிறது... தப்பாக நினைக்காதீர்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சிவகாசியில் நான் பில் போடுகிற பட்டாசுக் கம்பெனியில் அக்காதான் கிஃப்ட் பாக்ஸ் பேக்கிங் ஹாலுக்கு சூப்பர்வைசர். பத்துப் பெண்களை வைத்துக்கொண்டு ஊர் ஊருக்குத் தீபாவளியைக் கட்டி அனுப்புகிற ஆள்.

கல்யாணமான மூன்றாம் வருஷமே கணவர் இறந்துவிட்டார். பிள்ளை இல்லை. கூடப்பிறந்தவர்களும் இல்லை.

பிரமோஷனுக்கு உதவும் என்று நான் அஞ்சல் வழியில் எம்.ஏ. சமூகவியல் சேர்ந்தேன். "ஏலே செல்வம், அதுல என்னத்தச் சொல்லித் தாராக?" என்று கேட்டார் அக்கா.

"குடும்பத்தப் பத்திக்கா."

"எனக்குத்தான அது இல்ல... அப்ப நாந்தான்லே படிக்கணும்!" எப்போதோ வாங்கிய பி.ஏ. சர்டிஃபிகேட்டை டிரங்குப் பெட்டியிலிருந்து தூசி தட்டி எடுத்து, அடுத்த வாரமே சேர்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் வகுப்பு. முடிந்ததும் நேராக எண்ணெய் பரோட்டா கடை. உலகத்துக் கோட்பாடெல்லாம் அங்கே அக்காவிடம் மாட்டிக்கொண்டு முழிக்கும்.

முரண்பாட்டுக் கோட்பாடு நடத்திய அன்று... குடும்பத்துக்குள் யார் கை ஓங்குவது என்கிற போட்டியைப் பற்றியது அது. சால்னாவை ஊற்றிக்கொண்டே, "மாமியா மருமக சண்டைக்கு இம்புட்டுப் பெரிய பேரா?" என்றார்.

குழந்தை வளர்ச்சிப் பாடத்தில் ஒரு படம் வரும். நடுவில் பிள்ளை, அதைச் சுற்றி வீடு, பள்ளிக்கூடம், ஊர், நாடு என்று வட்டம் வட்டமாக. எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. "நம்ம சங்குசக்கரந்தான்லே இது... நடுவுல ஒழுங்கா இருந்தாத்தான் முழுசாச் சுத்தும்" என்றார். பரீட்சையில் அதைத்தான் கொஞ்சம் நாகரிகமாக எழுதி வைத்தேன். நல்ல மார்க்!

ஒரே ஒரு பாடத்தைத்தான் அக்கா கிண்டல் செய்யவில்லை. குடும்ப வாழ்க்கையின் கட்டங்கள்... கல்யாணம், முதல் குழந்தை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, பிள்ளைகள் வீட்டை விட்டுப் போவது, முதுமை.

"நான் மொத ஸ்டாப்புலயே எறங்கிட்டேன் செல்வம்... அதுக்குப் பொறவு நடந்தேதான் வாரேன்." அன்றைக்கு ஒரு பரோட்டாவோடு எழுந்துவிட்டார்.

அடுத்த மாதம் அசைன்மென்ட். உங்கள் குடும்பத்தைப் படமாக வரைந்து, படித்த கோட்பாடுகளை வைத்து விளக்க வேண்டும்.

நான் ஸ்கேல் வைத்து, கலர் பென்சில் வைத்து, மூன்று தலைமுறையை இறக்கிவிட்டேன். அக்கா நடுவில் பேக்கிங் மேசையை வரைந்திருந்தார். சுற்றிலும் பத்துப் பெண்கள். கதவோரத்தில் ஒல்லியாக ஓர் உருவம், அதன் கீழே 'தம்பி செல்வம், சண்டைக்காரன்'. பெட்டிக் கணக்குக்காகத் தினமும் அவரோடு மல்லுக்கு நிற்பவன் நான்.

"அக்கா, இது கம்பெனி. இதெல்லாம் குடும்பம் ஆகாது. மார்க் போட மாட்டாக" என்றேன், என்னமோ பாடப் புத்தகத்தையே நான் எழுதியதுபோல. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"காச்சல்ல கெடந்தப்ப, படத்துல இந்தா நிக்கிற ராமலட்சுமி கஞ்சி கொண்டாந்தாள்ல... ஒருத்தர ஒருத்தர் தாங்குறது, அது செயல்பாட்டுக் கோட்பாடு. உப்பு இல்லன்னு அவள நான் வஞ்சேன்ல, அது முரண்பாட்டுக் கோட்பாடு. ரெண்டும் இருக்கு. வேற என்னலே வேணும் குடும்பத்துக்கு?"

நான் சொன்னதுதான் நடந்தது. சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு. 'குடும்பம் என்ற வரையறைக்குள் வராது. மீண்டும் வரைக.'

அக்கா வரையவில்லை. "மாத்தி வரஞ்சா பொய்யில்ல ஆயிரும்?" என்றார். அசைன்மென்ட் மார்க் இல்லாமல் அந்தப் பேப்பரில் ஃபெயில். அடுத்த வருஷம் மறுபடி பரீட்சை எழுதி, பார்டரில் பாஸ் செய்தார்.

படத்தை அந்தச் சிவப்புக் கோட்டோடு லேமினேட் செய்து பேக்கிங் ஹால் சுவரில் மாட்டிவிட்டார். என் படத்துக்கு நல்ல மார்க் கிடைத்தது. அதில் இருக்கிற பெரியப்பா, ஒரு சுவர்த் தகராறில் இன்று வரைக்கும் எங்களோடு பேசுவதில்லை... அது வேறு கதை.

இன்று காலை அக்கா வீட்டு வாசலில் நல்ல கூட்டம். குளிப்பாட்டி முடித்ததும், தெருப் பெரியவர் ஒருவர் சத்தமாகக் கேட்டார். "பெறந்த வீட்டுக் கோடி வந்துருச்சாய்யா?"

எங்கள் பக்கம் ஒரு பெண் இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதைத்தான் கோடி என்பார்கள். அது வந்த பிறகுதான் தூக்குவார்கள்.

'அந்தம்மாவுக்கு யாரும் இல்ல' என்று தெருவே கேட்கும்படி யாராவது சொல்லிவிடுவதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

தம்பி நான்தானே... பையில் வைத்திருந்த சேலையை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். அதே நேரத்தில் ராமலட்சுமியும் தன் பையைப் பிரித்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர்... அப்புறம் இன்னொருவர்...

வேறு யாரும் கொண்டுவர மாட்டார்கள் என்று நினைத்து, ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஆளுக்கொன்று வாங்கி வந்திருக்கிறோம்! பதினொரு சேலை. எல்லாமே அக்காவுக்குப் பிடித்த மாம்பழ மஞ்சள்.

பெரியவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "ஆத்தாடி... இந்தத் தாயிக்கு எத்தன பெறந்த வீடு!" என்றார்.

தேம்பிக்கொண்டிருந்த ராமலட்சுமிதான் முதலில் சிரித்தார். அப்புறம் எங்களில் யாராலும் அடக்க முடியவில்லை.

பதினொன்றையும் போர்த்தித்தான் அனுப்பினோம்.

கொஞ்சம் வேர்க்கும்க்கா... பொறுத்துக்கோங்க. போயிட்டு வாங்க.