இயக்குநரின் சத்தியக்கடதாசி

துணையின் பேரில் வதிவுரிமை கேட்பவர்கள், தங்கள் கல்யாணம் உண்மையானது என்று காட்டினால் போதும் என்பதே விதி. கல்யாணப் படம் சுமாராக இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. பின்னாளில் அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்தபோது தேடிப் பார்த்திருக்கிறேன்.

மல்கிரேவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஓர் இத்தாலியர். ரோமில் திரைப்பட இயக்குநராக இருந்தவர். இரண்டு படங்கள் ஓடவில்லை. மூன்றாவதன் தயாரிப்பாளர் ஓடிவிட்டார். கப்பலேறி மெல்பேர்ணுக்கு வந்து, கிழமை நாட்களில் பிஸ்கற் ஆலையிலும் சனி ஞாயிறுகளில் கமராவோடு கல்யாண வீடுகளிலும் காலம் தள்ளினார். ஆனாலும் தொழில் என்னவென்று யாரும் கேட்டால், கேட்காவிட்டாலும், இயக்குநர் என்றே சொல்வார்.

சின்னம்மாவின் கல்யாணத்தைப் படமெடுக்க அப்பா அவரைத்தான் பிடித்தார். மாப்பிள்ளை இங்கே படிக்க வந்து, விசா முடியும் தறுவாயில் இருந்தவர். எங்கள் சாப்பாட்டு மேசையில் இத்தாலியர் கற்றிருந்த ஒரே தமிழ்ச் சொல் 'இன்னொருக்கா'. தாலி ஏறி, அட்சதையும் விழுந்து முடிந்ததும் கமராவுக்குப் பின்னாலிருந்து அந்தச் சொல் வந்தது. வெளிச்சம் சரியில்லையாம், இந்தமுறை முன்னாலிருந்து எடுக்க வேண்டுமாம்.

"கட்டின தாலியைத் திருப்பிக் கட்டுறதோ?" என்று ஐயர் எழும்பிவிட்டார்.

அப்பா சமரசம் தெரிந்தவர். மாப்பிள்ளையிடம் சொன்னார்: "தம்பி, பிடிச்சுக்கொண்டு மட்டும் நில்லுங்கோ. முடிச்சுப் போடாதையுங்கோ."

சின்னம்மா சிரிப்பை அடக்கமாட்டாமல் தலையைக் குனிந்தார். படத்தில் அது நாணமாக விழுந்தது.

விண்ணப்பத்தோடு படமும் குடிவரவுக் கந்தோருக்குப் போனது. ஒரே கமரா, ஒரே தாலியை முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் எப்படி எடுத்தது என்று கேட்டார் அதிகாரி. யாரோ இயக்கியிருக்கிறார், ஆகவே கல்யாணமே நடிப்பு. சித்தப்பாவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற நிலை வந்தது.

வழக்கறிஞர் ஒரு வழி சொன்னார். படமெடுத்தவர் இயக்குநர் அல்லர், சொந்தமாகக் கமரா வைத்திருக்கும் ஆலைத் தொழிலாளி என்று அவரே ஒரு சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டும். சட்டப்படி அதில் பொய் எதுவும் இல்லை.

எழுதிய கடதாசியோடு பக்கத்து வீட்டுக்கு அப்பாவோடு நானும் போனேன். இத்தாலியர் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார். சின்னம்மா வாசலில் நின்றபடி, "அங்கிள், ப்ளீஸ்" என்றார். கடைசியில் இத்தாலியர் கையெழுத்திட்டார். ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு நேரமா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

பதில் வர ஓராண்டுக்கு மேலானது. வந்தது தைப்பொங்கலுக்கு முதல் நாள். சித்தப்பா இருக்கலாம். செய்தி சொல்ல, ஒரு தட்டுப் பலகாரத்தோடு என்னை ஓடவிட்டார்கள். இத்தாலியர் என்னைக் கட்டிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, படத்தைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று கேட்டார்.

நான் நேர்மையான பிள்ளை. ஒன்றுமே இல்லை என்றேன்.

நல்லது என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். பலகாரத்தை வாங்க மறந்துவிட்டாரே என்பதுதான் அன்றைக்கு என் கவலை.